பாப்பம்மா பிரித்த அறுபத்திரண்டு தட்டுகள்

பாப்பம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு குழப்பம் வந்திருக்காது என்று தோட்டத்தில் பின்னால் பலரும் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் வெறும் பேச்சு. எழுதப் படிக்கத் தெரிந்த, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் தேவதாசன் கிராணியாரும் அந்த ஒன்பது நாளும் அவளுக்குப் பக்கத்தில்தான் விழி பிதுங்கி உட்கார்ந்திருந்தார்.

மலாயாவில், சுங்கைப் பட்டாணியிலிருந்து சிடாம் கிரிக்குப் போகும் வழியில் இருந்தது கல்மேட்டுத் தோட்டம். பாப்பம்மா அங்கே துரை பங்களாவில் ஆயா. பதினாறு வருடம் வெள்ளைக்காரத் துரைக்குச் சட்டை மடித்தாள், துரைசானிக்கு வெந்நீர் வைத்தாள், சாயங்காலமானால் கிராமபோனில் தட்டு மாற்றினாள். அந்தப் பெட்டியிலிருந்து வந்த சத்தம் எதுவும் அவளுக்குப் பிடிபட்டதில்லை. பாடுகிறவர்கள் வாயைத் திறந்தால் யாரோ அடித்துப்போட்ட மாதிரி அலறினார்கள். வாசிக்கிறவர்களோ ஐம்பது பேர் சேர்ந்து ஐம்பது பக்கம் இழுத்தார்கள். தாளம் போடலாம் என்று தொடையில் கை வைத்தால் பாட்டு அதற்குள் வேறெங்கோ போயிருக்கும். ஆனாலும் பதினாறு வருடம் கேட்டது காதில் ஏறாமல் போகுமா? ஏறித்தான் இருந்தது, அவளுக்கே தெரியாமல்.

துரைசானி புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் கற்றவள். பேச ஆளில்லாத குறைக்குப் பாப்பம்மாவிடம் பேசுவாள். "பாப்பம்மா, இந்தப் பாட்டு செய்த மனிதன் காது கேட்காத மனிதன்" என்பாள். "இந்த மனிதனுக்கு இருபது பிள்ளைகள்" என்பாள். பாப்பம்மா தலையை ஆட்டிவிட்டு, பாவம், துரைசானிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரையும் துரைசானியும் காரில் ஏறினார்கள். ஏறும்போது துரைசானி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பாப்பம்மா, தட்டு பத்திரம்." பத்திரம் என்றால் பாப்பம்மாவுக்குத் தெரிந்த வழி மண்ணுக்குள் வைப்பதுதான். அந்த வாரம் தோட்டமே எதையாவது புதைத்துக்கொண்டுதான் இருந்தது. அரிசி, பித்தளைக் குடம், கூறைப்புடவை என்று அவரவர் வீட்டுப் பின்னால் குழி தோண்டினார்கள். அவளும் தகரப் பெட்டியில் தட்டுகளை அடுக்கி, குசினிக்குப் பின்னாலிருந்த வாழைக்கூட்டத்தடியில் புதைத்தாள்.

பதினாறு மாதம் கழித்து அந்தப் பெட்டி வெளியே வந்தது. பங்களாவில் அப்போது ஒரு ஜப்பான் அதிகாரி குடியிருந்தான். தோட்டத்து ஜனங்களுக்கு அவன் சப்பான் துரை. மரவள்ளி நடுவதற்காக அவன் வாழையை வெட்டச் சொன்னான். மண்வெட்டி தகரத்தில் பட்டது. எதிரியின் பொருளை ஒளித்தது யார் என்று எல்லோரையும் வெயிலில் நிற்கவைத்துக் கேட்டார்கள். பாப்பம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷன் இருளப்பன், பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத மனுஷன், ஒரு அடி முன்னால் வந்து, "நான்தான் பொதைச்சேன்" என்றான்.

அந்த வாரம்தான் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கல்மேட்டிலிருந்து இருபது பேர் வேண்டுமென்று உத்தரவு வந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து முதலில் போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கிராணியார் பத்தொன்பது பெயர் எழுதியிருந்தார். இருளப்பனைக் கன்னத்தில் நாலு அறை அறைந்துவிட்டு, இருபதாவதாக அவன் பெயரைப் போடச் சொன்னான் சப்பான் துரை.

பாப்பம்மா அவன் காலில் விழுந்தாள். புதைத்தது நான், அவரில்லை என்று தமிழிலும் மலாயிலும் மாறி மாறிக் கதறினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தான். ஒரு தட்டை எடுத்து, தன் சட்டைக் கையாலேயே மண்ணைத் துடைத்து, பங்களா கிராமபோனில் வைத்தான். கரகரவென்று மண்ணோடு மண்ணாகப் பாட்டு வந்தது. அதைக் கேட்டு அவன் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் பாப்பம்மாவுக்கு இன்னும் பயம் கூடியது. அறைந்த கையும் அதுதான், துடைத்த கையும் அதுதான்.

தட்டுகள் பிழைத்திருந்தன. நடுவில் ஒட்டியிருந்த பேர்க்காகிதங்கள்தான் ஊறிக் கூழாகிவிட்டன. சப்பான் துரை இங்கிலீஷில் சொன்னதைத் தேவதாசன் கிராணியார் தமிழில் சொன்னார். கிராணியாருக்குப் பிறப்பு வளர்ப்பெல்லாம் பண்டார் பாருவில். இருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பனின் பேச்சு வாயை விட்டுப் போகவில்லை.

"ஜெர்மன்காரன், இத்தாலிக்காரன்ர பாட்டு சிநேகிதரின்ர பாட்டாம். இங்கிலீஷ்காரன், அமெரிக்கன்ர பாட்டு எதிரியின்ர பாட்டாம், அதை உடைக்க வேணும். வாற இருபத்தொன்பதாம் தேதி சக்கரவர்த்தின்ர பிறந்தநாள். பட்டாணியில இருந்து பெரிய ஆக்கள் வருவினம். அவைக்கு முன்னால ஒரு எதிரிப் பாட்டு வந்தாலும் இவருக்குத் தலைபோற காரியம். அறுபத்திரண்டு தட்டு. ஆர் ஆர் செய்த பாட்டெண்டு நானும் நீயும் பிரிச்சுக் குடுக்க வேணும். சரியாச் செய்தால் உன்ர மனிசன்ர பேரை வெட்டுவாராம்."

"செய்யலைன்னா?"

கிராணியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது போதுமான பதில்தான்.

மறுநாளே பங்களா ஹாலில் வேலை தொடங்கியது. கிராமபோனின் சுருள்வில் உடைந்திருந்ததால், ஒருவர் நிறுத்தாமல் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதற்கு அம்மாசி வந்தான். முப்பது வயது ஆள், பால்மரம் வெட்டுகிறவன், கல்யாணமாகாதவன். பாப்பம்மா வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு, பல வருடமாக. அவளுக்கும் இருளப்பனுக்கும் பிள்ளை கிடையாது. அதனால் அவனைத் தம்பி என்று வைத்துக்கொண்டார்கள். இருளப்பனின் பெயரை வெட்டுவதற்கான வேலை என்றதும், கூப்பிடுவதற்கு முன்னாலேயே கை காலைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான்.

கிராணியார் துரையின் அலமாரியில் ஒரு தடித்த புத்தகத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரர்களின் சங்கீதம் எப்படி வந்தது, யார் யார் செய்தார்கள் என்ற சரித்திரம். முன்னால் எழுபது பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.

"அந்த எழுவது பக்கத்துல யாரு இருந்தாங்க?" என்றாள் பாப்பம்மா.

"கரையானைத்தான் கேக்க வேணும்."

"அப்ப அதுக்கு முந்தி யாருமே பாடலையா?"

"பாடித்தான் இருப்பினம். எங்களுக்குத் தெரியேல்லை. இருக்கிற பக்கத்தில இருந்து பாப்பம்."

அவர் கோயில் கீதம் பாடுகிற கிறிஸ்தவர். வெள்ளைக்காரச் சங்கீதம் தனக்குக் கொஞ்சம் தெரியும் என்றுதான் நம்பியிருந்தார். இரண்டு பக்கம் படித்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது. ஒருவன் செய்த பாட்டுக்குப் பேரே இல்லை, வெறும் நம்பர். ஐந்து, ஏழு, நாற்பது, நூற்று நாலு. பாட்டுக்கு எதற்கு நம்பர், நம்பர் போட்டுப் பிரிக்க இது என்ன ரப்பர்க் காடா என்று பாப்பம்மா கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. எதையும் செக்ரோலில், அதாவது ஆள்கணக்குப் புத்தகத்தில், ஏற்றினால்தான் அவருக்கு மூளை வேலை செய்யும். ஆகவே ஆபீஸிலிருந்து ஒரு புதுச் செக்ரோலைக் கொண்டுவந்து விரித்தார். தோட்டத்து ஆட்களை எழுதுகிற அதே கட்டங்கள்: பேர், தகப்பன் பேர், ஊர், யாரிடம் வேலை, வந்த தேதி, செத்த தேதி. அதில் ஒவ்வொரு பாட்டுக்காரனையும் கூலியாள் மாதிரி எழுதினார்.

இது நல்ல யோசனையாகப் போயிற்று. ஏனென்றால் பாப்பம்மாவுக்கு ஒரு மனுஷனை விசாரிக்க வேறு வழி தெரியாது. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் எந்த ஊர், யார் பிள்ளை, எந்தத் துரையிடம் இருந்தாய் என்றுதான் கேட்பாள். அதையே இப்போதும் கேட்டாள்.

"இருவது புள்ளைக்காரன் ஒருத்தன் இருக்கானா பாருங்க. தொரைசானி சொல்லும்."

கிராணியார் புரட்டினார். இருந்தது! "பாஃக். யோகான் செபஸ்தியான் பாஃக். இருபது பிள்ளை, பத்துத்தான் தப்பினது."

பாப்பம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போ துரைசானி வெயிலில் உளறவில்லை. "பத்து செத்துப்போச்சா?" என்றாள். பாட்டுக்காரர்கள் வீட்டிலும் பிள்ளை சாகும் என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. "சரி, அவரு யாருகிட்ட வேலை?"

"ஒரு பிரபுவிட்ட. வேலையை விட்டுப் போறன் எண்டு கேட்டதுக்கு அந்தப் பிரபு ஒரு மாதம் சிறையில போட்டிட்டானாம்."

கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த அம்மாசி சிரித்துவிட்டான். "நம்ம தோட்டம் மாதிரியேலா இருக்கு!"

இப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள். துரைசானி வாயிலிருந்து விழுந்த துண்டு துணுக்கெல்லாம் பாப்பம்மாவிடம் இருந்தது, பேர் இல்லை. புத்தகத்தில் பேர் இருந்தது, சத்தம் இல்லை. இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும். தட்டைப் போடுவார்கள். பாப்பம்மா கண்ணை மூடி, இது மழை நாளில் துரை போடுவது, இது துரைசானிக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் போடுவது என்று நினைவைத் தோண்டுவாள். "இது யூனிபார்ம் போட்டவன்" என்பாள் திடீரென்று. கிராணியார் தேடுவார். ஹைடன் என்று ஒருவன், முப்பது வருடம் ஒரு பிரபு வீட்டில் சேவகம், வேலைக்காரர்களின் சீருடையில் தினமும் போய் இன்றைக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு நிற்க வேண்டும். பிரபு லீவு தராமல் இழுத்தடித்தபோது, வாசிக்கிறவர்கள் ஒவ்வொருவராக மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிற மாதிரி ஒரு பாட்டையே செய்தானாம். பிரபுவுக்குப் புரிந்து மறுநாளே லீவு கொடுத்தானாம்.

"நாமளும் விடியக்காலைப் பெரட்டுல பேர் கூப்பிடறப்ப ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனா என்ன ஆவும்?" என்றான் அம்மாசி.

"உதை விழும்" என்றார் கிராணியார். அதை எழுதிக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் பெரிய சூசா ஒன்று வந்தது, தீராத தொல்லை. அவர்கள் தட்டுக்கு ஓர் ஆள் என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். நம் பாட்டுத் தட்டில் ஒரு பக்கம் ஒரு பாட்டு, திருப்பினால் இன்னொரு பாட்டு. பாப்பம்மா வேறெப்படி நினைப்பாள்? துரைசானி அடுக்கிக் கொடுத்த வரிசையில்தானே பதினாறு வருடம் மாற்றினாள். ஆனால் அம்மாசி கைப்பிடியை நிறுத்திவிட்டு, "அக்கா, இது முந்தாநாள் கேட்டதோட மிச்சம் மாதிரி இல்ல?" என்றான். மறுபடி போட்டுக் கேட்டார்கள். மிச்சம்தான். ஒரே பாட்டு, நாலு தட்டு, எட்டுப் பக்கம். நாலு ஆள் என்று எழுதியது ஒரே ஆள், காது கேளாத பீத்தோவன். கிராணியார் மூன்று பேரை அடித்தார். பிறகு தேடத் தேட முப்பது பேர் அடிபட்டார்கள். செக்ரோல் முழுக்கச் சிவப்புக் கோடு.

"காது கேக்காதவன் எப்படிப் பாட்டு கட்டுவான்?" என்று பாப்பம்மா அன்றைக்கு நாலு தரம் கேட்டாள். "மனசுக்குள்ள கேக்குமாம்" என்றார் கிராணியார். அவளுக்கு அது சமாதானமாக இல்லை. வீட்டில் இருளப்பன் அறை வாங்கிய காதில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மனசுக்குள் என்ன கேட்கும் என்று யோசித்தாள், அழுகை வந்தது.

எதிரி, சிநேகிதன் என்பதும் லேசில் பிரியவில்லை. வியன்னாவில் வாழ்ந்தவன் ஜெர்மன்காரனா? இப்போது ஜெர்மனிக்குள்ளே வந்துவிட்ட ஊர் என்பதால் ஆமாம் என்று எழுதினார்கள். ருஷ்யாக்காரன்? ஜெர்மனிக்கு எதிரி, ஆனால் ஜப்பானோடு சண்டை இல்லை. போலந்தில் பிறந்து பிரான்சில் செத்தவன்? கிராணியார் அவனுக்காக ஒரு நாள் முழுக்கத் தாடியைச் சொறிந்தார். கடைசியில் இங்கிலீஷ்காரன் இல்லை என்று தெரிந்தால் போதும், சிநேகிதர் பக்கம் தள்ளு என்று முடிவு செய்தார்கள். யுத்தம் செய்கிறவர்களுக்காவது யார் யாரோடு சண்டை என்று தெளிவாகத் தெரியுமா என்று பாப்பம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

எட்டாம் நாள் சாயங்காலம் அறுபத்தொன்று பிரிந்துவிட்டது. ஆட்டப் பாட்டுகளும் வெள்ளைக்கார ராஜாவின் பாட்டும் எதிரிப் பக்கம். மிச்சம் ஒன்று. அதைப் போட்டதுமே பாப்பம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன?" என்றார் கிராணியார்.

"இதுக்கு எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. கிறிஸ்மஸ் அன்னிக்குத் தொரை கிளாஸைக் கீழ வச்சிட்டு நிப்பாரு. நானும் தட்டோட அசையாம நிப்பேன். இதுவும் ராசா பாட்டுதான்."

கிராணியார் இல்லையென்று தலையை ஆட்டினார். இந்தப் பாட்டு அவருக்கே தெரியும். கோயிலில் பாடியிருக்கிறார். கடவுளைப் புகழ்கிற ஒரே சொல்லை ஒரு கூட்டமே திரும்பத் திரும்பப் பாடுகிற பாட்டு. செய்தவன் ஹாண்டல். புத்தகத்தில் அவனைப் பற்றிப் பதினைந்து பக்கம். படிக்கப் படிக்க அவருக்கு வேர்த்தது. அந்த இருபது பிள்ளைக்காரன் பிறந்த அதே வருடம், ஆயிரத்து அறுநூற்று எண்பத்தைந்தில், அவனுக்குப் பக்கத்து நாட்டுப்புறத்திலேயே பிறந்தவன். ஹாலே என்று ஊர், ஜெர்மனிதான். இருவரும் கடைசிவரை சந்தித்ததில்லை. வயதான காலத்தில் இருவருக்கும் கண் போயிற்று, ஒரே வைத்தியன்தான் இருவர் கண்ணையும் அறுத்தான், இருவருக்கும் பார்வை திரும்பவில்லை. ஆனால் முதலாமவன் ஜெர்மனியை விட்டு நகரவில்லை. இவன் இளவயதில் கப்பலேறி லண்டனுக்குப் போய், இங்கிலாந்து ராஜாவின் பிரஜையாகப் பதிந்து, அங்கேயே நாற்பது வருடத்துக்கு மேல் இருந்து, அங்கேயே செத்தான். ராஜாக்களைப் புதைக்கிற கோயிலில் புதைத்தார்கள். இந்தப் பாட்டுக்கு ஒரு ராஜாவே எழுந்து நின்றதாகச் சொல்வார்கள், அதனால்தான் எல்லோரும் நிற்கிறார்கள். பாட்டும் இங்கிலீஷ்.

"உடைச்சுப்போட்டு அறுபத்தொண்டெண்டு சொல்லுவம்" என்றார் கிராணியார்.

"சப்பான் தொரை எண்ணித்தானே குடுத்தான்!"

கிராணியார் செக்ரோலை இழுத்து ஊர்க் கட்டத்தைப் பார்த்தார். கல்மேட்டில் ஐம்பது வருடம் மரம் வெட்டிக் கிழமானவனுக்கும் அந்தக் கட்டத்தில் துறையூர் என்றோ அருப்புக்கோட்டை என்றோதான் எழுதியிருக்கும். எங்கே உழைத்தான் என்று யாரும் கேட்பதில்லை, எங்கிருந்து கப்பலேறினான் என்பதுதான் ஊர். அந்த வழக்கப்படி ஹாலே, ஜெர்மனி என்று எழுதி, சிநேகிதர் அடுக்கின் மேல் தட்டை வைத்தார்.

ஒன்பதாம் நாள் சப்பான் துரை வந்து ஒவ்வொன்றாகப் போடச் சொன்னான். அம்மாசிதான் சுற்றினான். சப்பான் துரை அறுபத்தொன்றுக்கும் சரியென்று தலையாட்டினான். கடைசித் தட்டில் இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்ததும் அவன் கை இடுப்பிலிருந்த வாளுக்குப் போனது. இது யார் என்றான். கிராணியார் குழறிக் குழறிச் சொன்னார். லண்டனில் வாழ்ந்தவன், இங்கிலீஷ் ராஜாவின் பிரஜை என்றால் அவன் எதிரிதான், நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள் என்றான் சப்பான் துரை. கிராணியார் அதைத் தமிழில் சொல்லும்போதே பாப்பம்மாவுக்கு லாரிச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது.

எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "கிராணியாரே, நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க" என்றாள். "எம்புருசன் ஒம்பது வயசுல அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவரு. முப்பத்திமூணு வருசம் வெள்ளைக்காரன் தோட்டத்துல, வெள்ளைக்காரன் மரத்தை வெட்டித்தான் சாப்பிட்டாரு. ஆனா தொரை போன மாசம் கூட்டத்துல என்ன சொன்னாரு? நீங்க இங்கிலீஷ்காரன் ஆளுங்க இல்ல, இந்தியாக்காரங்க, எங்க சகோதரங்கன்னு சொன்னாருல்ல? எம்புருசன் இந்தியாக்காரருன்னா, இந்தப் பாட்டுக்காரன் ஜெர்மனிக்காரன்தான். இவன் இங்கிலீஷ்காரன்னா எம்புருசனும் இங்கிலீஷ்காரன்தான். ரெண்டுல ஒண்ணைச் சொல்லச் சொல்லுங்க."

கிராணியார் அதைச் சொல்லி முடித்தபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சப்பான் துரை தோட்டத்துச் செக்ரோலைக் கொண்டுவரச் சொல்லி, ஊர்க் கட்டத்தில் விரலை வைத்துப் பக்கம் பக்கமாக இறக்கினான். திடீரென்று சிரித்தான். தட்டைத் தன் கையாலேயே சிநேகிதர் அடுக்கில் வைத்தான். சயாம் பட்டியலை எடுத்து இருளப்பன் பெயரை வெட்டினான். பின் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். கிராணியார் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் மறுபடி சொன்னான். கிராணியார் குனிந்து எழுதினார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் பாப்பம்மா.

"உன்ர மனிசன்ர பேரை வெட்டியாச்சு. வீட்டை போ" என்றார் கிராணியார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்குச் சந்தோஷத்தில் வேறொன்றும் கண்ணில் படவில்லை. அம்மாசிக்கு அவளைவிடச் சந்தோஷம். கைப்பிடியை விட்டுவிட்டு, "அக்கா, சப்பான்காரனையே மடக்கிட்டியேலா!" என்று கத்தினான். வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அன்று மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தின்றார்கள்.

விடியற்காலைப் பெரட்டில் கிராணியார் சயாம் பட்டியலை வாசித்தார். பத்தொன்பது பெயரும் தெரிந்த பெயர்கள். அடுத்து, "அம்மாசி. தகப்பன் பேர் தெரியாது. ஊர் இல்லை" என்று வாசித்தார்.

பாப்பம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ஓடிப்போய்க் கிராணியாரின் சட்டையைப் பிடித்தாள். அவர் தடுக்கவில்லை. "இருபது எண்டால் இருபதுதானாம்" என்றார். "அவள் சொன்னது நியாயம், ஊர் இருக்கிறவன் அந்த ஊர்க்காரன், அப்ப ஊர் இல்லாதவன் ஒருத்தன்ர பேரை எழுது, அவன் எங்க போனாலும் ஒண்டுதான் எண்டு சப்பான் துரை சொன்னான். முழுச் செக்ரோலிலயும் ஒரு கட்டம்தான் வெறுமையா இருந்தது, பாப்பம்மா."

அது உண்மைதான், தோட்டத்துக்கே தெரியும். அம்மாசி நாகப்பட்டினத்துக் கப்பலில், நடுக்கடலில், ஓர் அமாவாசையன்று பிறந்தவன். தாய் பினாங்கு முகாமில் இறங்கியதும் செத்துப்போனாள். எந்த ஊர்க்காரி என்று யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை. கூட வந்தவர்கள் பிள்ளையை மட்டும் கல்மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

லாரி நின்றுகொண்டிருந்தது. அம்மாசி ஒரு சாரத்தையும் சட்டையையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். பாப்பம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பேச்சாலதாண்டா தம்பி, எம்புருசனைக் காப்பாத்தணும்னு பேசினேன், உன்னைய மாட்டி விட்டுட்டேன்" என்று அழுதாள். இருளப்பன் பக்கத்தில் நின்றான். அம்மாசிக்குக் கோபம் வரவில்லை. அவன் முகத்திலும் குழப்பம்தான் இருந்தது.

"அந்தப் பாட்டுக்காரன் எந்த ஊர்லக்கா பொறந்தான்?"

"ஹாலேன்னு கிராணியார் படிச்சாரு."

"செத்து எத்தினி வருசமாவும்?"

"எரநூறு வருசம் இருக்கும்னாரு."

"எரநூறு வருசமா அவனுக்கு ஊர் இருக்கு பாரேன்" என்றான் அம்மாசி. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னான். பிறகு லாரியில் ஏறிக்கொண்டான்.

லாரி கிளம்பியதும் பாப்பம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆபீஸுக்குப் போனாள். கிராணியார் தனியாக உட்கார்ந்திருந்தார். செக்ரோலை எடுக்கச் சொன்னாள். அம்மாசியின் பெயர் எங்கே என்று கேட்டு, அவர் காட்டிய வரியில் வெறுமையாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இதுல கல்மேடுன்னு எழுதுங்க."

"ஊர் எண்டால் பிறந்த ஊர்தானே. நேற்று நீதானே அப்பிடிச் சொன்னனி?"

"நேத்து எம்புருசனுக்காகச் சொன்னேன்" என்றாள் பாப்பம்மா. "எது நியாயம்னு எனக்குத் தெரியலை கிராணியாரே. எழுதுங்க."

கிராணியார் பேனாவை மையில் தொட்டு எழுதினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன எழுதினார் என்று வாய்விட்டு வாசிக்கச் சொன்னாள். அவர் வாசித்தார். லாரி அதற்குள் சிடாம் கிரி முனையைத் தாண்டியிருந்தது.